லீவில் வந்தவனின் லாரி

1

குவைத்தில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி துவைப்போம். பகலில் ஆட்டுக்கறி வைப்போம். சாப்பிட்ட பிறகு ஊரிலிருந்து வந்த கேசட்டுகளைப் போட்டுக் கேட்போம். என் மனைவி சரோஜாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனாலும் பேசி அனுப்புவதுதான் அவளுக்குப் பிடிக்கும். செங்கல்பட்டில் யாரிடமாவது டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கிப் பேசுவாள். லீவு முடிந்து குவைத் திரும்பும் ஆள் யாராவது அகப்பட்டால் கேசட்டைக் கொடுத்தனுப்புவாள்.

அன்றைக்கு வந்த கேசட்டும் எப்போதும் போலத்தான் தொடங்கியது.

"நல்லா கீறியாய்யா? வேளைக்குத் துன்றியா? நாங்க நல்லா கீறோம். வசந்தி, இங்க வா. அப்பாகிட்ட பேசுடி. வெக்கப்படாத, பேசு."

"அப்பா, நல்லா கீறீங்களா," என்று பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல என் மகள் சொன்னாள். "போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். சரோஜாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகி நின்றுகொண்டிருந்தது. கட, கட, கட என்று இரும்புப் பெட்டிக்குள் கல்லைப் போட்டு உலுக்குவது போன்ற சத்தம். கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். வாசலில் இல்லை, வீட்டை ஒட்டிய கொட்டகையிலிருந்துதான் வந்தது. அந்தக் கொட்டகையில் நிற்பது என்னுடைய லாரி. நான் விட்டுவந்தபோது அதில் இருந்தது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். ஓடும்போது பக்கத்தில் நின்று ரகசியம் பேசலாம், அவ்வளவு அமைதி. இது டீசல்.

"தாமஸ், இது என்ன வண்டி சத்தம், சொல்லு," என்றேன். தாமஸ் என்னோடு அறையில் தங்குகிறவன், கேரளத்துக் கொல்லத்துக்காரன்.

"ஏதோ லாரியா இருக்கும். நீ பெண்டாட்டி பேசறதக் கேளு," என்றான்.

கேசட்டின் கடைசியில் சரோஜா விஷயத்துக்கு வந்தாள். "அப்பறம், வண்டி ஆபீசுல ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் புக்குல ஏத்துவேங்கறாங்க. நீ எப்ப லீவுல வர்ற?"

வண்டியின் ஆர்.சி. புக்கில் எதை ஏற்ற வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் இஞ்சினை மாற்றியிருக்கிறார்கள்.

2

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இஞ்சினுக்காக ஒருவன் ஏன் இப்படிப் பொருமுகிறான் என்று தோன்றும்.

குவைத் வருவதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே எந்த வண்டிக்கும் அதனதன் பாகம் கிடையாது. ஒரு பஸ்ஸின் கிளட்சை லாரிக்குப் போடுவோம். போல்ட் பொருந்தாவிட்டால் துளையைப் பெரிதாக்குவோம். வயர் அறுந்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவோம். ஒப்பேற்றி அனுப்பிய வண்டி மதுராந்தகம் தாண்டுவதற்குள் நின்றுவிடும். மறுபடி நம்மிடமே வரும். காலையில் எழுந்தால் அதே வண்டி, அதே டிரைவர், அதே வசவு. வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டியையாவது அது எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே, ஒரு வாஷர்கூட மாறாமல் முழுசாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அங்கேதான் எனக்குப் பிடித்தது.

படாளத்தில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் அந்த லாரி கிடந்தது. உலகப்போர் காலத்து ராணுவ வண்டி, டிஸ்போசலில் விற்றது. நீள மூக்கு, இரும்புக் கேபின், எல்லாச் சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. கேபினுக்குள் ஆடாதொடை முளைத்திருந்தது. சூளைக்காரர் இரும்பு விலைக்குக் கொடுத்தார். மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வீட்டின் பக்கவாட்டில் சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை போட்டேன். என் சம்பளத்தில் பாதி அந்தக் கொட்டகைக்குள்தான் போனது.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று சரோஜா கேட்டாள்.

"பழைய மாதிரியே ஆக்கப் போறேன்."

"ஆக்கி?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

உள்ளூரில் பாகம் கிடைக்கவில்லை. இந்த மாதிரி அமெரிக்க வண்டிகள் குவைத்தின் காயலான் கடைகளில் மலை மலையாகக் கிடக்கின்றன என்று ஒரு டிரைவர் சொன்னார். பாஸ்போர்ட் எடுக்கும்போது எல்லோரிடமும் வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னேன். லாரிக்காகவும்தான் போகிறேன் என்று சொன்னால் எவன் மதிப்பான்?

3

முதல் லீவில் வந்தபோது என் பெட்டியில் புடவை இல்லை, ஒரு கார்புரேட்டர் இருந்தது. பம்பாயில் சுங்க அதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி ஏதோ இந்தியில் கேட்டார். இரண்டு வருஷம் வடக்கத்திக்காரர்களோடு வேலை செய்ததில் எனக்கு இந்தி வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். "மாஃபி மாலூம்," என்று, தெரியாது என்ற அர்த்தத்தில் அழுத்தமாகச் சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் பேசியதில் பாதி அரபி என்று அப்போதுதான் தெரிந்தது. கார்புரேட்டரை விடுவிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மதராஸ் ரயில் போய்விட்டது.

வீட்டில் இன்னொரு அதிர்ச்சி. லாரியின் இரும்புக் கேபினைக் காணோம். அந்த இடத்தில் பலாப்பழ மஞ்சள் பெயின்ட் அடித்த மரக் கேபின் உட்கார்ந்திருந்தது. சரோஜாவின் தம்பி கன்னியப்பன் பெருமையோடு நின்றான்.

"இரும்புல ஒரே சூடு மாமா. நாளைக்கு வண்டி ஓடுச்சின்னா ஒக்காரவே முடியாது. திருக்கழுக்குன்றத்துல ஒரு ஆசாரிய வெச்சி அடிச்சேன். எப்படிக் கீது?"

இரும்புக் கேபின் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. கோழி அடைத்திருந்தார்கள்.

அந்த லீவு முழுக்க அதிலேயே போனது. மரக் கேபினை இறக்கி, இரும்புக் கேபினை ஒட்டி, பற்றவைத்து மேலே ஏற்றினேன். முன் ஆக்சிலை முழுதாகப் பிரித்து மறுபடி கோத்தேன். ராணுவப் பச்சையைத் தேடிக் கலந்து அடித்தேன். என் கையால் சாப்பாடு ஊட்டுவேன் என்று வசந்தி காத்திருந்திருக்கிறாள். என் கை எப்போதும் கிரீஸாக இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சரோஜா மறுசோறு போட வந்தாள். நான் பழக்கத்தில், "மதி, மதி," என்று தடுத்தேன்.

கரண்டி நடுவில் நின்றது. "யாருய்யா அது மதி?"

"மலையாளத்துல போதும்னு அர்த்தம்டி."

"வூட்டுக்கு வந்தா வூட்டுப் பேச்சு பேசு," என்று அவள் சொன்னாள். கரண்டிச் சோற்றை என் தட்டிலேயே தட்டிவிட்டுப் போனாள்.

லீவு முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடியது. மூன்று பேரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். போகும்போது தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த சண்டைக்கப்புறம் பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரம். பெட்ரோலைத் தோண்டி எடுக்கிற ஊரில் சம்பாதித்துவிட்டு வந்தவன், கையில் காசு போதாமல் வண்டியைக் கோவில் குளத்தருகே நிறுத்திவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினேன். வசந்தி பஸ்ஸில் வாந்தி எடுத்தாள்.

4

கேசட் வந்த மறுநாள் பகல்பொழுது போர்மேனிடம் அனுமதி கேட்டு நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போனேன். நேரில் போகாமல் இங்கிருந்தே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்க நினைத்தேன். வெயிலில் நின்ற வரிசை நகரவே இல்லை. உள்ளே போனதும் குமாஸ்தா கேட்ட முதல் கேள்வி, "புது இஞ்சின் நம்பர் என்ன?"

பழைய இஞ்சின் நம்பர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். புதியது தெரியாது.

"உங்க வண்டிதானே?" என்றார்.

"என் வண்டிதான்."

"நம்பரோட வாங்க."

லீவுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கம்பெனியின் லாரிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு கன்னியப்பனோடு சண்டை போட்டேன். என்னென்ன கேட்க வேண்டும், அவன் என்ன சொல்வான், அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். கம்பெனி வண்டிகளுக்கு எல்லாப் பாகமும் புதுசாகப் பெட்டியில் வரும். பிரித்து மாட்டினால் வேலை முடிந்தது. அவற்றைத் தொடும்போது எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

5

வீட்டுக்கு வந்தபோது பூட்டு தொங்கியது. கொட்டகை காலி. தரையில் எண்ணெய்க் கறை, மூலையில் நொறுங்கிய ஐஸ் ஒட்டிய மரத்தூள். எதிர்வீட்டு அம்மா பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "நெம்மேலிக்கு லோடுக்குப் போய்க்கிறாங்க. வசந்திக்கும் ஸ்கூல் லீவு, அதுவும் மாமா வண்டில போய்க்கிது," என்றார்.

மாமா வண்டி. சரி.

மாமல்லபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து நெம்மேலிக்கு வேறு பஸ். இறங்கிச் சவுக்குத்தோப்பைக் கடந்ததும் மணலில் அது நின்றது. அலைக்குக் கொஞ்ச தூரத்தில், கட்டுமரங்களுக்குப் பக்கத்தில். மறுபடி மஞ்சள் மரக் கேபின். பின்பாடி நீண்டிருந்தது. புது இஞ்சின் உயரம் அதிகம் போலிருக்கிறது, பானட் மூடவில்லை. அதில் சதுரமாக ஓட்டை வெட்டித் தகரத்தை வளைத்து மூடியிருந்தார்கள். சேசிஸில் கேஸ் வைத்து அறுத்த தழும்பு தெரிந்தது. ஒரு நல்ல மனுஷனின் முகத்தில் யாரோ சூடு வைத்தது போல இருந்தது எனக்கு.

சரோஜா லாரி மேல் நின்று மீன் கூடைகளை வாங்கி ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் கை நின்றது.

"வந்துட்டியா! கடுதாசில அடுத்த வாரம்னுதான போட்ருந்த? கொஞ்சம் இரு, இந்தக் கூடைய ஏத்திட்டு வந்துடறேன்."

கூடை தூக்கிக் கொடுத்த மீனவப் பெண் என்னைக் கேட்டாள்: "நீ யாரு, புது ஆளா?"

"வண்டி ஓனர்," என்றேன்.

"சரோஜா வண்டில்ல இது?"

வசந்தி கேபினிலிருந்து எட்டிப் பார்த்தாள். வளர்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கீழே இறங்கவில்லை.

லோடு ஏறியதும் கன்னியப்பன் முன்சக்கர இழுவைக்கான லிவரை இழுத்தான். எல்லாச் சக்கரங்களும் மணலைக் கவ்வி, மெல்ல, ஒருமுறைகூடப் புதையாமல் மேட்டில் ஏறின. வேறு லாரிகள் ரோட்டிலேயே நின்றுவிடும். கூடைகளைத் தலையில் சுமந்து அங்கே கொண்டுபோக வேண்டும். இது ஒன்றுதான் தண்ணீர் ஓரம் வரை இறங்கும், அதனால்தான் இந்தக் குப்பங்களில் இதைத் தேடுகிறார்கள் என்று அவன் சொன்னான்.

"முன் ஆக்சில் நீ கோத்ததுதான் மாமா. அத்த மட்டும் நாங்க தொடல."

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மிச்சத்தையெல்லாம் தொட்டிருக்கிறாயே என்றுதான் தோன்றியது.

6

சாயங்காலம் வீட்டில் வெடித்தது.

"யாரைக் கேட்டு இஞ்சின கழட்டினீங்க?"

கன்னியப்பன் அக்காவைப் பார்த்தான். சரோஜா அரிசி களைந்துகொண்டே பேசினாள்.

"யாரக் கேக்கணும்? கொட்டாய்ல நின்னுகினு குவைத்துக்குக் கூவிக் கேக்கணுமா? ஒரு கடுதாசி போயி திரும்பி வர்றதுக்குள்ள மீனு நாறிடும்யா."

"நான் பணம் அனுப்பலையா?"

"அனுப்புன. நான் இல்லேங்கல. நெம்மேலிக்குப் போய் வந்தா பெட்ரோலுக்கே பத்தல. சும்மா நிக்க வெச்சி நாங்க பாத்துகினு இருக்கணுமா?"

"எத்தனை வருஷமா ஒவ்வொரு போல்டா சேத்தேன் தெரியுமா?"

"தெரியும். கூடவேதான கீறேன்." அவள் நிமிர்ந்தாள். "நீ வுட்டுட்டுப் போன மாரியே எல்லாம் இருக்கணும்னா, நீ போயிருக்கக் கூடாது. நீ இல்லாத வூட்டுல வண்டி மட்டும் எப்டி அப்டியே நிக்கும்? கொழந்த நிக்கிதா?"

வசந்தி சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பழைய இஞ்சின் எங்கே?"

"புதுப்பேட்டைல குடுத்துட்டுத்தான் மாமா இத்த எத்துக்கினு வந்தேன்," என்றான் கன்னியப்பன்.

மறுநாள் மதராஸுக்கு, புதுப்பேட்டைக் காயலான் கடைகளுக்குப் போனேன். கடைக்குக் கடை ஏறி இறங்கிக் கடைசியில் இஞ்சினை வாங்கிய ஆளைக் கண்டுபிடித்தேன். அவர் யோசித்து ஞாபகப்படுத்திக்கொண்டார். "அந்த ஆறு சிலிண்டரா? எவனும் கேக்கல அண்ணாத்த. ஒடச்சி இரும்புக்குப் போட்டாச்சு. இன்னா, உங்களுக்கு வேணுமா? டீசல் நல்லதா ஒண்ணு கீது, பாக்கறீங்களா?"

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

7

வண்டி ஆபீசுக்கு அலைவதில் மீதி லீவு கழிந்தது. ஒரு நாள் குமாஸ்தா வரவில்லை. ஒரு நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வேறு ஊரில் கேம்ப். ஒரு நாள் எல்லோரும் இருந்தார்கள், என் போட்டோ அளவு சரியில்லை. கையெழுத்துப் போடாமலே குவைத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சரோஜா என்னைக் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. ஒவ்வொரு நாளும் லோடை இறக்கிவிட்டு, மீன் வாசனையோடு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். புத்தகத்தில் ஏறாத இஞ்சினோடு ஓடும் வண்டியை எந்தச் சோதனைச்சாவடியிலும் பிடித்து நிறுத்தலாம். அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் அந்தப் பயம் தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். நல்ல மனுஷர்தான். என்னிடம் கேட்டார்.

"பின்பாடி எத்தனை அடி நீட்டியிருக்கீங்க?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் சொன்னாள்.

"இஞ்சின் எந்த வருஷத்துது?"

அதையும் அவள் சொன்னாள். எப்.சி. எப்போது முடிகிறது, டயர் எப்போது மாற்றியது, எல்லாம் அவளே சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓனர் யாரு, நீங்களா அவங்களா?"

"நான்தான் சார். குவைத்துல இருக்கேன்."

"ஒவ்வொரு தடவையும் குவைத்துலேர்ந்து வந்து கையெழுத்துப் போடுவீங்களா? பேசாம அவங்க பேருக்கு மாத்திடுங்களேன்."

சரோஜா தரையைப் பார்த்தாள். "சரி சார், மாத்திடுங்க," என்றேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அலுப்பில் சொன்னேன். அந்த மஞ்சள் வண்டியைப் பார்த்து இது என்னுடையது என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

காகிதங்களை நிரப்பினார்கள். நான் போட வேண்டிய இடத்தில் நான் போட்டேன், அவள் போட வேண்டிய இடத்தில் அவள் நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போட்டாள். குமாஸ்தா கடைசியாகக் கேட்டார்.

"கேபின்ல எத்தனை பேர் ஒக்காரலாம்?"

"மூணு," என்றேன். நான் செய்த இரும்புக் கேபினில் மூன்று பேர் உட்காரலாம்.

"ரெண்டு சார்," என்றாள் சரோஜா. "ஒரு பக்கம் தராசு, சாமானெல்லாம் வெக்க பொட்டி அடிச்சிட்டோம். டிரைவரச் சேத்து ரெண்டு."

குமாஸ்தா இரண்டு என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அவளுக்கு உறைத்தது. கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ முன்னாடி ஒக்காரு. நான் பின்னாடி ஏறிக்கறேன். எனக்குப் பழக்கந்தான்."

"வேண்டாம், நீ உட்காரு."

"வெள்ள சட்ட போட்டுக்கினு கீறய்யா. மீன் தண்ணி ஒட்டும்."

"ஒட்டட்டும்," என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி ஒரு காலி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி வரிசையில் நின்றது. பழைய ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்த முனுசாமி சைக்கிளோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, ஏகாம்பரம்! எப்ப வந்த மச்சான்?"

"போன மாசம்."

"சொல்லவே இல்ல பாத்தியா. எப்ப போற?"

லீவில் வருகிறவனிடம் ஊரில் எல்லோரும் கேட்பது இந்த இரண்டு கேள்விதான். நடுவில் மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்டதில்லை. நாளைக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரயில் கடந்துபோன சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்று காதருகே கையை வைத்தான். அதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். கன்னியப்பன் வண்டியை எடுத்தான். நான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.